ஜீனை அடக்கும் கொலஸ்ட்ரால் ஊசி: அண்ணனுக்குப் போடலாமா? பிள்ளைகளுக்கு ஏதும் ஆகுமா?

களத்துக்காரன்:
எல்லோருக்கும் வணக்கமுங்க. வெள்ளகோவில் பக்கம் தேங்காய்ப் பருப்புக் களம் வைத்திருக்கிறேன். அண்ணனுக்கு 41 வயது. போன மாதம் நெஞ்சுவலி வந்து கோவையில் சேர்த்தோம், ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. பீடி சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது, ஆளும் ஒல்லி. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் மட்டும் 236. எங்கள் அப்பா 46 வயதில் தோட்டத்துக்கு மோட்டார் போடப் போன இடத்திலேயே போய்விட்டார்.

இப்போது கொலஸ்ட்ரால் குறைக்க ரோசுவாஸ்டேட்டின் 40 மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அதிலும் இறங்காவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது, அது ஒரு ஜீனை அடக்கிவிடும் என்றார் டாக்டர். வெளியே கூட்டம், மேற்கொண்டு கேட்க முடியவில்லை. ஜீனை அடக்குவது என்றால் ஜீனையே மாற்றிவிடுவதா? நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கு அது போகுமா? அப்புறம், நாங்கள் தேங்காயெண்ணெயிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அதுதான் காரணமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

செக்கடி:
கொலஸ்ட்ரால் என்பதே பெரிய வியாபாரமுங்க. எங்கள் தாத்தா தினமும் கடலை எண்ணெயில் பொரித்தது, வாரம் தவறாமல் கறி, 88 வயது வரை இருந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றில் பூண்டு சாப்பிடச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை ஈரோடு:
ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்கூட முழுசாக ஆகாத ஆளிடம் மாத்திரையை நிறுத்து என்று எழுதாதீர்கள் செக்கடி அண்ணா. பூண்டு வேண்டுமானால் ரசத்தில் சாப்பிடட்டும். களத்துக்காரரே, ஒரு வேளை மாத்திரைகூட விடவேண்டாம். மற்றதை டீச்சர் வந்து சொல்வார்.

பேரூர் டீச்சர்:
வந்துவிட்டேன். கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவள், வைத்தியம் பார்க்கிறவள் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

தம்பி, ஒல்லியான ஆள், 41 வயது, 236, அப்பா 46-ல். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சாப்பாட்டைவிட ரத்தவழிதான் முதலில் கண்ணில் படுகிறது. குடும்பவழி உயர் கொலஸ்ட்ரால் என்று ஒன்று உண்டு. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கும். பலர் முதல் மாரடைப்பு வரும்வரை தெரியாமலே இருக்கிறார்கள்.

கொலஸ்ட்ரால் இல்லாமல் உடம்பு நடக்காது. ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் வேண்டும். பித்த உப்பு, பாலின ஹார்மோன்கள், கார்ட்டிசால் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. சாப்பிடாவிட்டாலும் உடம்பே அசிட்டைல் கோஏ என்ற சின்ன மூலக்கூறில் தொடங்கி முப்பது படி தாண்டி அதைச் செய்துகொள்ளும். தண்ணீரில் கரையாத பொருள் என்பதால் ரத்தத்தில் தனியாகப் போகாது. அபோபி என்ற புரதம் சுற்றிய துகளுக்குள் அடைந்துதான் போகும். அந்தத் துகள்தான் எல்டிஎல். அது அளவுக்கு மிஞ்சி வருடக் கணக்கில் ரத்தத்தில் சுற்றினால் தமனிச் சுவருக்குள் புகுந்து சிக்கிக்கொள்கிறது. மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள் அதை விழுங்கி விழுங்கி நுரைச்செல்லாக வீங்குகின்றன. சுவருக்குள் படிமம், அதாவது கொழுப்புப் படிவு, வளர்கிறது. ஒருநாள் படிமத்தின் மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைப்பு.

எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து எடுக்கும் வேலையில் பெரும்பங்கு ஈரலுடையது. ஈரல் செல்லின் மேல் எல்டிஎல் ஏற்பி என்று ஒரு புரதம் நிற்கிறது. நம் திருப்பூர் பனியன் கம்பெனி வேன் ஊர் ஊராக ஆள் ஏற்றி, கம்பெனியில் இறக்கிவிட்டு, மறுபடி ஊருக்கே வந்து நிற்பதுபோல இந்த ஏற்பி எல்டிஎல்லைப் பிடித்துச் செல்லுக்குள் இறக்கிவிட்டு மறுபடி மேலே வந்துவிடும். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் போல ஆகும். ஆயுள் முடிவதற்குள் நூறு சுற்றுக்கு மேல் அடித்துவிடும். டல்லாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1970-களில் இந்த நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்கள். 1985-ல் நோபல் பரிசு.

இந்த ஏற்பிக்கான ஜீன் 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒரு படி (பிரதி), அம்மாவிடமிருந்து ஒரு படி. உங்கள் அண்ணனுக்கு அதில் ஒன்று பழுதாக இருக்கலாம். அப்படியானால் பிறந்த நாளிலிருந்தே பாதி ஏற்பிதான்.

பல்லடத்தான்:
டீச்சர், பழுது ஏற்பியில் என்றால் ஊசியும் ஏற்பியின் ஜீனைத்தானே சரிசெய்ய வேண்டும்? அடக்குகிறது என்றால் எதை அடக்குகிறது? இருக்கிறதையும் அடக்கினால் இன்னும் ஏறாதா?

பேரூர் டீச்சர்:
நல்ல கேள்வி. அடக்கப்படுவது வேறொரு ஜீன், பெயர் பிசிஎஸ்கே9. ஈரல் செய்து ரத்தத்தில் விடும் புரதம் இது. வெளியே வந்து ஏற்பியை ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். ஒட்டிவிட்டால் ஏற்பி திரும்பி மேலே வராது, செல்லின் குப்பை அரைக்கும் பையான லைசோசோமுக்குப் போய்ச் சிதைந்துவிடும். வேனை நேராகப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்புகிற வேலை.

2003-ல் மான்ட்ரியாலில் நபில் சைதா குழு இந்தப் புரதத்தை விவரித்தது. அதே வருடம் பாரிஸ் குழு, கொலஸ்ட்ரால் மிக அதிகமான பிரெஞ்சுக் குடும்பங்களில் இந்த ஜீன் அளவுக்கு மீறி வேலை செய்வதைக் காட்டியது. அப்போது டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் இருவரும் தலைகீழாக யோசித்தார்கள்: பிறவியிலேயே இந்த ஜீன் வேலை செய்யாதவர்கள் எப்படி இருப்பார்கள்? தேடினார்கள், கிடைத்தார்கள். 2006-ல் வந்த கட்டுரையில், இந்த ஜீனின் ஒரு படி கெட்டிருந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதயத் தமனி நோயோ 88 சதவீதம் குறைவு. இரண்டு படியும் கெட்ட ஒரு பெண்ணையும் கண்டார்கள். வயது 32, எல்டிஎல் வெறும் 14. ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறவர், ஆரோக்கியமாக இருந்தார்.

28-க்கு 88 எப்படி என்று வகுப்பில் கேட்பார்கள். குறைவு பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்பதுதான் விடை. எத்தனை அளவு என்பதோடு எத்தனை வருடம் என்பதும் சேர்ந்துதான் படிமம் வளர்கிறது. அதனால்தான் இந்தக் குடும்பங்களில் பிள்ளைகளைச் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறோம். அதைப் பிறகு தனியாக எழுதுகிறேன்.

புழுதிக்காடு:
அடக்குவது எப்படி என்பதை நான் சொல்கிறேன் டீச்சர். கோவை வேளாண் பல்கலையில் தாவர உயிரித்தொழில்நுட்பம் படித்தவன். இந்த வித்தை முதலில் செடியில்தான் மாட்டியது.

1990-ல் பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை இன்னும் அழுத்தமாக்க நிறமி ஜீனை ஒரு படி கூடுதலாக ஏற்றினார்கள். சில செடிகளில் பூ வெள்ளையாகவே பூத்தது. ஏற்றினதும் வேலை செய்யவில்லை, ஏற்கெனவே இருந்ததும் வேலை செய்யவில்லை. காரணம் அப்போது பிடிபடவில்லை. 1998-ல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் புழு ஒன்றில் செய்து காட்டினார்கள்: இரட்டை இழை ஆர்என்ஏ (டிஎன்ஏவுக்கு உறவான மூலக்கூறு) உள்ளே போனால், அதே வரிசை உள்ள ஜீனின் வேலை நின்றுவிடும். 2006-ல் நோபல். ஹவாயில் வளையப்புள்ளி வைரஸில் அழிய இருந்த பப்பாளியைக் காப்பாற்றிய ரகமும் இதே வழியில்தான் வைரஸைத் தடுக்கிறது.

ஜீன் என்பது டிஎன்ஏ, செல்லின் உட்கருவில் இருக்கிறது. அதைப் பார்த்து எம்ஆர்என்ஏ என்ற நகல் எழுதப்பட்டு வெளியே வரும். நகலைப் படித்துத்தான் புரதம் செய்யப்படும். ஊசியில் இருக்கும் மருந்து இன்க்ளிசிரான், சுமார் இருபது எழுத்து நீளமுள்ள இரட்டை இழை ஆர்என்ஏ. உள்ளே போனதும் ஒரு இழை கழன்றுவிடும். மற்றது ரிஸ்க் என்ற புரதக் கூட்டத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிசிஎஸ்கே9 நகல் எது வந்தாலும் எழுத்துக்கு எழுத்து பொருந்திப் பிடித்து வெட்டிவிடும். வெட்டின பிறகும் அந்த இழை கெடாமல் அடுத்த நகலுக்குக் காத்திருக்கும்.

மூல டிஎன்ஏவில் யாரும் கை வைப்பதில்லை.

களத்துக்காரன்:
அப்படியென்றால் பிள்ளைக்குப் போகாது, சரிங்களா? இன்னொன்று, வயிற்றில் போடும் ஊசி ஈரலுக்கு மட்டும் எப்படிப் போகும்?

புழுதிக்காடு:
போகாதுங்க. விந்துவிலோ கருமுட்டையிலோ டிஎன்ஏ மாறினால்தான் பிள்ளைக்குப் போகும்.

ஈரலுக்கு அனுப்புவதுதான் பல வருடம் இழுத்தது. வெறும் ஆர்என்ஏவை ரத்தத்தில் விட்டால் நிமிடங்களில் நொறுங்கிவிடும், சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். 2004-ல் ஒரு குழு செய்ததுதான் எனக்குப் பிடித்த வேடிக்கை. ஆர்என்ஏவின் வாலில் கொலஸ்ட்ராலையே ஒட்டி எலிக்குப் போட்டார்கள். அது ஈரலுக்குப் போய் அபோபி ஜீனை அடக்கியது, எலியின் கொலஸ்ட்ரால் குறைந்தது. கொலஸ்ட்ராலை வைத்தே கொலஸ்ட்ராலைக் குறைத்தாகிவிட்டது! ஆனால் மனிதனுக்குக் கட்டுப்படியாகாத அளவுக்கு மருந்து வேண்டியிருந்தது. அப்புறம் கொழுப்பு நுண்துகளுக்குள் அடைத்துப் பார்த்தார்கள். 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் சைஆர்என்ஏ மருந்து (இப்படி ஜீனை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) பாட்டிசிரான் அந்த வகை, நோய் வேறு.

இன்க்ளிசிரானில் ஒட்டியிருப்பது கேல்நாக் என்ற சர்க்கரை. ஈரல் செல்லின் மேல் அந்தச் சர்க்கரையை மட்டும் பிடிக்கும் ஏற்பி ஏராளமாக இருக்கிறது, மற்ற உறுப்புகளில் கிட்டத்தட்ட இல்லை. பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். மருந்தில் பெரும்பகுதி செல்லுக்குள் பைகளில் தங்கி மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஆறு மாதம் தாங்குவது அதனால்தான்.

பல்லடத்தான்:
ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும் என்று ஏதோ படித்தேனே, அது?

புழுதிக்காடு:
அது அடக்குவது இல்லை, திருத்துவது. ஈரல் செல்லின் டிஎன்ஏவிலேயே பிசிஎஸ்கே9-இன் ஒரு எழுத்தை மாற்றி ஜீனை நிரந்தரமாக நிறுத்துவது. 2022-ல் நியூசிலாந்தில் முதல் ஆளுக்குப் போட்டார்கள். இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. ஊசியை நிறுத்தினால் அடங்கின ஜீன் மறுபடி பேசும், திருத்தினால் திரும்பாது. இரண்டையும் குழப்பித்தான் வாட்ஸப்பில் பயமுறுத்துகிறார்கள்.

மருந்துக்கடை ஈரோடு:
கடைப் பக்கத்து விஷயம் கொஞ்சம். இன்க்ளிசிரான் 284 மில்லிகிராம், ஒன்றரை மில்லி, ஏற்றிய சிரிஞ்சிலேயே வரும். முதல் நாள் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. ஆய்வுகளில் எல்டிஎல் பாதியாக இறங்கியது. ஊசி போட்ட இடத்தில் கொஞ்சம் வலி, சிவப்பு வரலாம். இங்கே ஒரு ஊசி லட்ச ரூபாயைத் தாண்டிய விலைக்குத்தான் வந்தது. அதே பிசிஎஸ்கே9-ஐ ரத்தத்தில் வைத்துப் பிடிக்கும் ஆன்டிபாடி ஊசிகள் 2015 முதல் உண்டு, அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அவற்றில் எவோலோகுமாப் மாரடைப்பைக் குறைப்பது 27,564 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில் 2017-ல் தெரிந்துவிட்டது.

ஆனால் களத்துக்காரரே, ஊசிக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. ரோசுவாஸ்டேட்டின் 20-ஐ 40 ஆக்கினால் எல்டிஎல் கூடுதலாக ஆறு சதவீதம்தான் இறங்கும். இந்த ஸ்டேட்டின் வகை மாத்திரை எதை இரட்டித்தாலும் கதை இதுதான். அதற்குப் பதில் எசெடிமைப் 10 என்ற இன்னொரு மாத்திரை சேர்த்தால் இன்னொரு இருபது சதவீதம் போல இறங்கும். இரண்டும் சேர்ந்த மாத்திரையே கிடைக்கிறது, மாதம் சில நூறு ரூபாய். டாக்டரிடம் இதைக் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே போகவேண்டும் என்பார்கள். 236-லிருந்து அங்கே போக ஒரு மாத்திரை போதாது.

பேரூர் டீச்சர்:
அந்த ஆறு சதவீதத்துக்குக் காரணம் மூலக்கூறு மட்டத்தில் ரொம்ப அழகானது, சொல்லாமல் விட மனசில்லை. ஸ்டேட்டின், ஈரல் கொலஸ்ட்ரால் செய்வதைத் தடுக்கும். செல்லுக்குள் கொலஸ்ட்ரால் குறைந்ததும் எஸ்ரெப்2 என்ற புரதம் வெட்டுப்பட்டு விடுபட்டு உட்கருவுக்குப் போய், ஏற்பியை அதிகம் செய் என்று ஜீனைத் தட்டி எழுப்பும். ரத்தத்தில் எல்டிஎல் இறங்குவது இந்தக் கூடுதல் ஏற்பியால்தான். ஆனால் அதே எஸ்ரெப்2 பிசிஎஸ்கே9 ஜீனையும் எழுப்பிவிடுகிறது. ஒரு கையால் ஏற்பியைக் கொடுத்து மறு கையால் பறிக்கிறது. அதனால்தான் ஸ்டேட்டினோடு பிசிஎஸ்கே9-ஐ அடக்கும் ஊசியும் சேரும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

செக்கடி:
எல்லாம் சரிங்க டீச்சர், தேங்காயெண்ணெய்க்கு வாங்க. காங்கேயத்துக்காரன் பிழைப்பே அதில்தான். தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை என்று பாக்கெட்டிலேயே போடுகிறார்கள்.

பேரூர் டீச்சர்:
எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருக்காது, அண்ணா. பாக்கெட்டில் போடுவது விளம்பரம். தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 90 பங்குக்குக் கிட்ட நிறைவுற்ற கொழுப்பு. அது அதிகமானால் ஈரலில் எல்டிஎல் ஏற்பியின் வேலை குறையும். மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் எல்டிஎல் சராசரியாக 10 மில்லிகிராம் போலக் கூடியது. சமையலுக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ பரவாயில்லை. ஆனால் 236-ஐ எண்ணெய் மட்டும் கொண்டுவராது. எண்ணெயை மாற்றியும் அது அடங்காது.

உங்கள் தாத்தாவுக்கு ஏற்பி இரண்டு படியும் நன்றாக இருந்திருக்கும். தினமும் காடு மேடு நடந்திருப்பார். அவர் உடம்பை வைத்து இவர் அண்ணனுக்கு மருந்து எழுத முடியாது.

செக்கடி:
சரி, நல்லெண்ணெயும் நம்மிடம் இருக்கிறது. மரச்செக்கில் ஆட்டினது.

களத்துக்காரன்:
டீச்சர், பிள்ளைகளைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்றீர்களே. அண்ணனுக்கு ஒரு மகன். எனக்கு இரண்டு, மூத்தவளுக்கு 10, சின்னவனுக்கு 7. என் மனைவி சொந்த அத்தை மகள், ஆனால் கூட்டம் (குலம்) வேறுதானுங்க.

பேரூர் டீச்சர்:
இதற்காகத்தான் காத்திருந்தேன்.

கூட்டம் அப்பன் வழி. 19-ஆம் குரோமோசோம் அப்பன் வழியாகவும் போகும், ஆத்தாள் வழியாகவும் போகும். கணக்கு பாருங்கள். பழுது உங்கள் அப்பாவிடமிருந்து வந்திருந்தால் உங்களுக்கு இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. முதலில் நீங்களே இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை போலிருக்கிறதே! அப்பாவின் கூடப்பிறந்தவர் உங்கள் அத்தை, அவருக்கும் இரண்டில் ஒரு பங்கு. அத்தைக்கு இருந்தால் அவர் மகளுக்கு மறுபடி இரண்டில் ஒரு பங்கு. ஆக உங்கள் மனைவிக்கு நான்கில் ஒரு பங்கு. கூட்டம் வேறு என்பதால் இந்தக் கணக்கு மாறாது. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு படியும் பழுதாக வர நான்கில் ஒரு வாய்ப்பு.

இரண்டும் பழுதானால் அது வேறு நோய். எல்டிஎல் 400, 500 என்று போகும், பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரலாம். டெக்சாஸைச் சேர்ந்த ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு 1984-ல் பிட்ஸ்பர்க்கில் இதயமும் ஈரலும் சேர்த்து மாற்றினார்கள். கெட்டது இதயம், ஆனால் ஈரல் மாறிய பிறகுதான் ஆயிரத்தைத் தாண்டியிருந்த கொலஸ்ட்ரால் முந்நூறு அளவுக்கு இறங்கியது. 13 வயதில் இறந்துவிட்டாள். ஈரல் ஏற்பிதான் எல்லாம் என்பதை அந்தக் குழந்தைதான் உலகத்துக்குக் காட்டினாள். ஏற்பியே இல்லாத அந்த வகைக்கு பிசிஎஸ்கே9 ஊசியும் உதவாது. காப்பாற்ற வேனே இல்லையே.

பயப்படுத்த எழுதவில்லை. அண்ணன், நீங்கள், மனைவி, அத்தை, மூன்று பிள்ளைகள் எல்லோருக்கும் லிப்பிட் புரொஃபைல் என்ற கொலஸ்ட்ரால் ரத்தப் பரிசோதனை எடுங்கள். சாப்பிட்டுவிட்டும் கொடுக்கலாம். இன்னொன்று, அண்ணனின் குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாணை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். நடுவில் முண்டும் முடிச்சுமாகக் கெட்டியாக இருந்தால் அது கொலஸ்ட்ரால் படிவு. கருவிழி ஓரத்தில் சாம்பல் வளையம் 45 வயதுக்குள் இருந்தாலும் சந்தேகப்படவேண்டும்.

மருந்துக்கடை ஈரோடு:
அண்ணனுக்கு லிப்போபுரோட்டீன் ஏ (எல்டிஎல் மாதிரி இன்னொரு துகள்) ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். லிப்பிட் புரொஃபைலில் அது வராது, தனியாகக் கேட்கவேண்டும். அளவைப் பெரும்பாலும் ஜீனே தீர்மானிக்கிறது, ஸ்டேட்டினுக்கு இறங்காது. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடும். அதற்கும் ஓல்பாசிரான் என்று இதே மாதிரி அடக்கும் ஊசி ஆய்வில் இருக்கிறது.

பல்லடத்தான்:
கொலஸ்ட்ரால் ரொம்பக் குறைந்தால் மூளை மழுங்கிவிடும் என்கிறார்களே?

பேரூர் டீச்சர்:
உடம்புக் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூளையில் இருப்பது உண்மை. ஆனால் மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. ரத்தத்து எல்டிஎல் அங்கே நுழைவதில்லை. எல்டிஎல் 14-ஐ வைத்துக்கொண்டு ஏரோபிக்ஸ் நடத்தினவரை மறந்துவிட்டீர்களா?

களத்துக்காரன்:
ரிப்போர்ட் வந்துவிட்டதுங்க. எல்டிஎல் எனக்கு 221. மனைவிக்கு 108, அத்தைக்கு 119. மூத்தவளுக்கு 178, சின்னவனுக்கு 84. அண்ணன் மகனுக்கு 96. அண்ணனின் குதிகால் நாண் நீங்கள் சொன்ன மாதிரியே முடிச்சாக இருக்கிறது, செருப்பு உரசி வந்தது என்று இத்தனை நாள் நினைத்தோம். மனைவிக்கு இல்லை என்றதும் பாதி நிம்மதி. மூத்தவளுக்கு இப்போதே மாத்திரையா? பத்து வயசுங்க.

பேரூர் டீச்சர்:
குடும்பத்தில் இருக்கும்போது பிள்ளைக்கு 160-க்கு மேல் என்றால் இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். 178 இரண்டு படியும் பழுதான அளவு இல்லை. மனைவி, அத்தை எண்ணும் அதோடு பொருந்துகிறது. எட்டுப் பத்து வயதிலிருந்தே குறைந்த அளவு ஸ்டேட்டின் கொடுப்பது நடைமுறையில் உண்டு, குழந்தை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதற்கு முன் அவளுக்கு டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனை பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும் ஏற்பி குறைந்து எல்டிஎல் ஏறும், அதை ஒதுக்காமல் முடிவுக்கு வரக்கூடாது. எல்டிஎல்லையும் ஒருமுறை திரும்ப எடுக்கச் சொல்வார்கள். உங்கள் 221-க்கு நீங்கள் யாரிடமும் பத்து வயசு என்று சொல்ல முடியாது, அண்ணன் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது உங்களுக்கும் சேர்த்து டோக்கன் போடுங்கள்.